கோடை இணைப்பில் வந்த ஃபஹீட்டா செய்முறை: திருத்த வேண்டிய மூன்று இடங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு கோடை இணைப்பில், வீட்டுத் தோட்டத்தில் உறவினரும் நண்பரும் கூடும் மாலை வேளைக்கு ஏற்ற உணவு என்று, கனலில் சுட்டு அரிந்த கறியை ரொட்டியில் சுருட்டித் தின்னும் மாட்டிறைச்சி ஃபஹீட்டாவின் செய்முறையை வெளியிட்டிருந்தீர்கள். பள்ளி விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகளும் மதுரை, சென்னை உறவுகளும் வந்து இறங்கும் கொடைக்கானல் வீடுகளில் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்திருப்பவர்கள் பலர். மாட்டிறைச்சிச் சமையலை மற்ற சமையல்களோடு சரிசமமாக வைத்துத் தமிழ் நாளிதழ் ஒன்று எழுதியதற்கு முதலில் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குறிப்பில் மூன்று இடங்கள் திருத்தப்பட வேண்டியவை. இரண்டு, நல்ல கறியையும் காசையும் வீணாக்குபவை. ஒன்று, உயிருக்கே உலை வைப்பது. இங்குள்ள விருந்தினர் இல்லமொன்றின் சமையற்கட்டில் நெடுங்காலம் கரியடுப்பின் முன் நின்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ஆபத்தானதை முதலில் சொல்லிவிடுகிறேன். குளிர் கூடினால் அடுப்பை வராந்தாவுக்குள் நகர்த்திக்கொள்ளலாம் என்று குறிப்பின் கடைசி வரியில் எழுதப்பட்டிருந்தது. சமவெளி வீடுகளின் வராந்தா பெரும்பாலும் திறந்தே கிடப்பது. இங்கே பழைய பங்களாக்களிலும் சரி, புதிதாகக் கட்டிய தங்கும் விடுதிகளிலும் சரி, பனிக்காற்று புகாமலிருக்க வராந்தாவைக் கண்ணாடியால் அடைத்து அறையாகவே ஆக்கியிருப்பார்கள். அதற்குள் கரியடுப்பை வைப்பது படுக்கையறையில் வைப்பதற்குச் சமம். கரி எரியும்போது வெளிவரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. புகையெல்லாம் அடங்கி, கனல் சாம்பல் பூத்து, இனி அடுப்பு அணைந்த மாதிரிதான் என்று நாம் நினைக்கும் வேளையிலும் அது வந்துகொண்டேதான் இருக்கும். இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக அது ஒட்டிக்கொள்கிறது. விழித்திருப்பவருக்குத் தலைவலியும் குமட்டலுமாவது எச்சரிக்கை கொடுக்கும். உறங்குபவருக்கு அதுவும் இல்லை. 2024-ஆம் ஆண்டு கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த இளைஞர் இருவர், இறைச்சி சுட்ட அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு உறங்கியதால் மூச்சுத் திணறி இறந்த செய்தியை இந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. சன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்று சிலர் சொல்வதும் சரியல்ல. குளிர் அடித்தால் ஆட்கள் உள்ளே போகலாம், அடுப்பு வெளியேதான் இருக்க வேண்டும். மே மாதக் கூட்டம் மலையேறும் முன், இந்த ஒரு வரிக்கான திருத்தத்தையாவது தனிக் கட்டம் போட்டு, கண்ணில் படும் இடத்தில் வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி கறிக்கு வருகிறேன். அண்டர்கட் வாங்கி, அதை விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி, எலுமிச்சைச் சாறும் மசாலாவும் தடவி இரவு முழுவதும் ஊறவைத்து, மறுநாள் கம்பி வலையில் பரப்பிச் சுட வேண்டும் என்பது தங்கள் குறிப்பு. இதில் வாங்கும் கறியும் தவறு, நறுக்கும் நேரமும் தவறு, ஊறும் நேரமும் தவறு. அண்டர்கட் என்பது மாட்டின் முதுகெலும்புக்கு அடியில் அதிகம் வேலை செய்யாமல் கிடக்கும் மென்மையான தசை. கசாப்புக் கடையில் அதற்குத்தான் விலை அதிகம். ஃபஹீட்டாவோ விலையில்லாத கறியிலிருந்து பிறந்த உணவு. 1930-களில், டெக்சாஸின் தென்கோடியில் ரியோ கிராண்டே ஆற்றை ஒட்டிய மாட்டுப் பண்ணைகளில் வேலை பார்த்த மெக்சிகத் தொழிலாளர்களுக்கு, மாடு அறுக்கும் நாளில் தலையையும் தோலையும் குடலையும், அவற்றோடு நெஞ்சுக்கூட்டுக்குள்ளிருந்து உரித்தெடுத்த ஒரு நீளச் சதையையும் கூலியின் ஒரு பகுதியாகக் கொடுத்து அனுப்புவார்களாம். முதலாளி மேசைக்கு ஏற்காத அந்தச் சதையைக் கனலில் காட்டி, மெல்லியதாக அரிந்து, கோதுமை ரொட்டியில் சுருட்டித் தின்றவர்கள் அவர்கள். 1969-இல் டெக்சாஸில் கைல் என்ற சிற்றூரில் நடந்த ஒரு விழாவில் சோனி ஃபால்கன் என்ற இறைச்சிக் கடைக்காரர் கடை போட்டு விற்ற பிறகும், 1973-இல் ஹூஸ்டன் நகரில் நின்ஃபா லாரென்சோ என்ற பெண்மணி தம் உணவகத்தில் பரிமாறத் தொடங்கிய பிறகும்தான் வெளியாருக்கு அதன் ருசி தெரிந்தது. 1982-இல் ஆஸ்டின் நகரின் ஹயாத் ரீஜென்சி ஓட்டலில் சமையற்கலைஞர் ஜார்ஜ் வைட்மன், விலை உயர்ந்த இடுப்புக் கறியைப் பழுக்கக் காய்ந்த இரும்புத் தட்டில் சீறச் சீறக் கொண்டுவந்து வைத்தார். தங்கள் குறிப்பு இந்த ஓட்டல் வழியைப் பின்பற்றுகிறது. வீட்டுத் தோட்டத்தில் கரி மூட்டிச் சமைப்பவர்களுக்கு ஏற்றது பண்ணைத் தொழிலாளியின் வழிதான் என்பது என் உறுதியான எண்ணம்.

அந்தச் சதை நம் ஊர்க் கடையிலும் உண்டு. நெஞ்சையும் வயிற்றையும் நடுவில் பிரித்து நிற்கும், மூச்சு விடும் ஒவ்வொரு தடவையும் உழைக்கும் தசை அது. உதரவிதானம் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். கடைக்காரர்கள் பெரும்பாலும் அதைத் தனியாக விற்பதில்லை, மற்றக் கறியோடு சேர்த்து வெட்டிப் போட்டுவிடுவார்கள். முந்தின நாளே சொல்லி வைத்து, நெஞ்சுக்கூட்டின் உள்பக்கத்துச் சதையை வெட்டாமல் பட்டையாக வேண்டும் என்று கேட்டால் எடுத்து வைப்பார்கள். ஒரு சாணுக்குக் குறைவான அகலமும், ஒரு முழத்துக்குக் குறையாத நீளமும், விரல் கனமுமாக அது வரும். அதன் மேல் வெள்ளையாக ஒரு சவ்வு இறுக்கமாக ஒட்டியிருக்கும். கத்தி நுனியை ஓரத்தில் கொடுத்து, ஒரு மூலையைத் துணியால் பிடித்து இழுத்தால் தோல்போல் உரிந்து வந்துவிடும். இதை உரிக்காமல் சுட்டால் எத்தனை மசாலா போட்டாலும் பயனில்லை. நெருப்பில் அது சுருங்கிக் கறியையும் வளைத்துவிடும்.

இந்த இடத்தில் அமெரிக்கச் செய்முறைகளை அப்படியே எடுத்து எழுதுவதிலுள்ள சிக்கலைச் சொல்ல வேண்டும். அங்கே இரண்டு வயதை ஒட்டிய, தீனி போட்டுக் கொழுக்க வைத்த மாட்டின் கறி. நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் உழைத்து ஓய்ந்த மாட்டின் கறி. ருசி இதில் குறைவில்லை, ஆனால் நார் கடினமாக இருக்கும். அதற்கு எலுமிச்சைச் சாற்றில் இரவெல்லாம் ஊறவைப்பது மருந்தாகாது. புளிப்பு, கறியின் மேல்பரப்பை மட்டும் வெளுக்கச் செய்து மாவுபோல் ஆக்கும், உள்ளே போகாது. நம் வீடுகளில் கறி வேகாவிட்டால் பப்பாளிக்காய்த் துண்டு போடும் வழக்கம் இருக்கிறதே, அதுதான் இங்கே உதவும். பப்பாளிக்காயின் பாலிலுள்ள பப்பாயின் என்ற நொதி தசைப் புரதத்தையே அறுத்துத் தளர்த்துகிறது. ஒரு கிலோ கறிக்குத் தோலோடு அரைத்த பப்பாளிக்காய் விழுது ஒரு தேக்கரண்டி போதும். ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, வைத்தால் கறி குழைந்து கடிக்க ஒன்றுமில்லாமல் போகும். இதோடு உப்பு, நசுக்கிய மிளகு, வறுத்துப் பொடித்த சீரகம், வரமிளகாய்ப் பொடி, தட்டிய பூண்டு, சிறிது எண்ணெய் ஆகியவை சேர்ந்தால் போதுமானது. பூண்டு மட்டும் நம் மலைப்பூண்டாக இருக்கட்டும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பூண்டின் காரமும் மணமும் கரிப்புகையிலும் மங்குவதில்லை. எலுமிச்சையைச் சுட்ட பிறகு பிழிந்துகொள்ளலாம்.

சுடும் முறைக்கு நெருப்பின் கடுமைதான் உயிர். கறியைப் பட்டையாகவே, நறுக்காமல், ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்துவிட்டு வலையில் போட வேண்டும். உள்ளங்கையை வலைக்குச் சற்று மேலே நீட்டினால் இரண்டு எண்ணுவதற்குள் கை தானாகப் பின்வாங்க வேண்டும்; அதுவே பதமான கனல். ஈரமான கறியைத் தணிந்த கனலில் போட்டால் அது சுடப்படுவதில்லை, தன் சாற்றிலேயே வேகிறது. சின்னத் துண்டுகளாக நறுக்கிப் போட்டாலும் இதே கதிதான், ஒவ்வொரு துண்டும் நாலு பக்கமும் சாற்றை இழந்து வறண்டுபோகும். பாதி வலைக்குள் விழுந்து கரியோடு கரியாகும். முழுப் பட்டை என்றால் ஒரு பக்கம் மூன்று நிமிடம், மறுபக்கம் மூன்று நிமிடம், அவ்வளவே. ஓரங்கள் கருகத் தொடங்கி, மேல்பக்கத்தில் சாறு முத்துமுத்தாகத் துளிர்க்கும்போது எடுத்துவிடலாம். முழுத் தசையாகச் சுடும் மாட்டுக்கறி உள்ளே 63 டிகிரி செல்சியசை எட்டிப் பின் மூன்று நிமிடமாவது ஆற வேண்டும் என்பது அமெரிக்க வேளாண்மைத் துறையின் அறிவுரை. குழந்தைகளும் முதியவர்களும் சாப்பிடும் வீட்டில் உள்ளே சிவப்பு தெரியாத அளவுக்குச் சுடுவதே நல்லது என்பேன். ஊறவைத்த பாத்திரத்தில் மிஞ்சிய மசாலாவைச் சுட்ட கறியின் மேல் ஊற்றக் கூடாது, பச்சைக் கறி வைத்த தட்டில் வெந்த கறியை வைக்கவும் கூடாது.

எடுத்த கறியை ஐந்து நிமிடம் பலகையில் சும்மா விடுங்கள். அதற்குப் பிறகுதான் கத்தி. தங்கள் குறிப்பில் நார் என்ற சொல்லே வரவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய குறையாகப் பட்டது, ஏனென்றால் கடின நாருள்ள இந்தக் கறியை மெல்லும்படி ஆக்குவது முக்கால்வாசி இந்த அறுப்புதான். பட்டையைக் கூர்ந்து பார்த்தால் நார்கள் நீளவாக்கில் ஓடாமல் அகலவாக்கில் ஓடுவது தெரியும். ஆகவே நீளப் பட்டையை அப்படியே ஒரு முனையிலிருந்து அரிந்துகொண்டே போனால், நீள நாராகவே வந்து பல்லில் சிக்கும்; பெரும்பாலோர் செய்வது அதைத்தான். முதலில் பட்டையை நாரை ஒட்டியே நாலு விரல் அகலத் துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு துண்டையும் கால் வட்டம் திருப்பி வைத்து, நாருக்குக் குறுக்கே, கத்தியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, பென்சில் கனத்துக்கு மிகாமல் அரிய வேண்டும். அப்போது ஒவ்வொரு நாரும் அந்தக் கனத்துக்கே துண்டுபட்டு, வாயில் போட்டதும் பிரிந்துவிடுகிறது. ஒரே கறியை இரண்டு விதமாகவும் அரிந்து வீட்டாரிடம் கொடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே மாட்டின் கறி என்று நம்ப மாட்டார்கள்.

மூன்றாவது திருத்தம் கரியைப் பற்றியது. தோட்டத்தில் கிடக்கும் சுள்ளிகளையே பொறுக்கி எரிக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். இந்த மலையின் தோட்டங்களிலும் சாலையோரங்களிலும் கிடப்பவை பைன், யூக்கலிப்டஸ், வாட்டில் மரச் சுள்ளிகள். பைன் மரத்தின் பிசின் எரிந்து எழும் கரும்புகை கறியில் படிந்தால் கசப்பும் தார் வாசனையும்தான் மிஞ்சும். யூக்கலிப்டஸ் இலையின் தைல நெடி ஒட்டிக்கொண்டால் கழுவினாலும் போகாது. போதாக்குறைக்கு, சுள்ளி படபடவென்று வெடித்துப் பொறி பறக்க எரிகிறது. மார்கழி, தை மாத உறைபனியில் கருகிய புல் மழை வரும்வரை பஞ்சாகக் காய்ந்து கிடக்கும் மலையில் இந்தப் பொறியின் விலை என்ன என்பதை நாங்கள் ஆண்டுதோறும் எதிர்ச்சரிவுகளில் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இதற்கு மிகச் சிறந்த கரி மலைக்குக் கீழே, நம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. டெக்சாஸ்காரர்கள் ஃபஹீட்டாவுக்கு மெஸ்கீட் மரக் கனலைத்தான் விரும்புவார்கள். அந்த மரத்தின் புகைக்கென்றே தனி மணம் உண்டு என்று கொண்டாடுவார்கள். மெஸ்கீட் என்பது புரோசோபிஸ் இன மரம். இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் மூட்டம் போட்டுச் சுட்டு மூட்டை மூட்டையாக அனுப்புகிறார்களே, அந்தச் சீமைக் கருவேலமும் அதே புரோசோபிஸ் இனம்தான், அதன் பூர்வீகமும் மெக்சிகோவைச் சேர்ந்த நிலப்பகுதிகளே. நிலத்தடி நீரை உறிஞ்சிக் காடாய் மண்டியதற்காக 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே வெட்டி அகற்றச் சொன்ன மரம் அது. அதன் கரியை வாங்கி எரிப்பதில் யாருக்கும் எந்த நட்டமும் இல்லை. கெட்டியான கரி, நின்று எரியும், பொறி குறைவு. பெரிய கடைகளில் விற்கும் வெளிநாட்டு அச்சுக்கரிப் பெட்டிகளுக்கு ஏன் பணத்தைக் கொட்ட வேண்டும்? ஒன்றை மட்டும் கவனத்தில் கொள்ள வேண்டும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு, மாலையில் ஈரமும் கூடுதல். ஆகவே கனல் பிடிக்கச் சமவெளியைவிட நேரமாகும். மண்ணெண்ணெய் ஊற்றி அவசரப்படுத்தினால் அந்த நாற்றம் கறிக்குப் போய்விடும். விருந்தினர் வரும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே, கொட்டாங்கச்சித் துண்டுகளை அடியில் வைத்து மூட்டிவிடுவது நல்லது.

துணை உணவுகளைப் பற்றித் தங்கள் குறிப்பு டப்பா சாஸ்களைப் பரிந்துரைத்தது. மெக்சிகோ நிலத்தில் தொன்றுதொட்டு விளையும் தக்காளி, மிளகாய், பீன்ஸ், வெண்ணெய்ப் பழம் ஆகியவை எல்லாம் பழனி மலையிலும் நன்றாகவே விளைகின்றன. கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு வட்டாரக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக நிற்கும் பட்டர் ஃப்ரூட் மரங்களை எல்லோரும் பார்த்திருப்பார்கள். தடியன்குடிசையிலுள்ள வேளாண் பல்கலைக்கழகத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் டி.கே.டி. 1 என்ற ரகத்தையே உருவாக்கித் தந்திருக்கிறது. அந்தப் பழம் மரத்தில் இருக்கும்வரை பழுக்காது, பறித்த பிறகுதான் கனியும். கல்லாக இருக்கும் காயை நாலு நாள் முன்னதாக வாங்கி, ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தோடு காகிதத்தில் சுற்றி வைத்தால், வாழைப்பழம் விடும் எத்திலீன் வாயு அதையும் கனிய வைத்துவிடும். கனிந்ததை உப்பு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லித் தழை, எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கையால் மசித்தால் போதும், மிக்சியில் அடிக்க வேண்டாம். குடைமிளகாயையும் பெரிய வெங்காயத்தையும் தடித்த வளையங்களாக அரிந்து கறி எடுத்த அதே கனலில் வாட்டிக்கொள்ளலாம். பட்டர் பீன்சைக் குக்கரிலேயே வேகவையுங்கள், இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் வேக நெடுநேரம் பிடிக்கும். டோர்ட்டியா என்ற மெக்சிகோ ரொட்டிக்குப் பதில் நம் சப்பாத்தி தாராளமாகப் போதும். மாவில் கொஞ்சம் கூடுதலாக எண்ணெய் விட்டுப் பிசைந்து, சுட்டதும் துணியில் சுற்றி ஹாட் பாக்ஸில் மூடி வைக்காவிட்டால் மலைக்குளிரில் சில நிமிடங்களில் விறைத்துவிடும்.

விருந்தில் மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்களுக்கென்று காளானோ பனீரோ கோழியோ தனி வலையில், தனி இடுக்கியால், முதலில் சுட்டுக் கொடுத்துவிடுவது விருந்து கொடுப்பவரின் கடமை. ஒரே வலையைத் துடைத்துவிட்டுப் பயன்படுத்துவது அவர்களை மதிப்பதாகாது.

கடைசியாக, அடுப்பு வைக்கும் இடமும் சாம்பலும். புல்தரையில் வைக்காமல், கல் பாவிய இடத்திலோ செதுக்கி விட்ட வெறும் மண்ணிலோ, கூரை விளிம்பிலிருந்தும் காய்ந்த சருகிலிருந்தும் விலக்கி வைக்க வேண்டும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் நனைத்த சாக்கும் இருக்க வேண்டும். சருகுகளை அன்று காலையே பெருக்கி விடுங்கள். விருந்து முடிந்ததும் பலரும் சாம்பலை வேலி ஓரத்தில் மரத்தடியில் கொட்டிவிடுகிறார்கள். மேலே வெளுத்திருக்கும் சாம்பலுக்குள் கனல் மறுநாள் வரை உயிரோடிருக்கும், இரவுக் காற்று அதைக் கிளறிவிட்டால் போதும். தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, கையால் தொட்டுப் பார்க்கும் அளவுக்குக் குளிர்ந்த பிறகு இரும்பு வாளியில் அள்ளி மூடி வைத்து, அடுத்த நாள் குழி தோண்டிப் புதைக்கலாம். எலும்பையும் மிச்சக் கறியையும் இரவில் வெளியே விடாமல் மூடிய பாத்திரத்தில் வீட்டுக்குள் வைத்து, காலையில் நகராட்சி வண்டியில் சேர்த்துவிடுங்கள். தெருநாய்களும் காட்டுப்பன்றிகளும் அந்த வாசனைக்கு வரும், நாயைத் தேடிச் சிறுத்தையும் வரும். இருட்டிய பிறகு காட்டுமாடு தோட்டத்துக்குள் நுழைந்துவிட்டால் விரட்டவோ படம் பிடிக்கவோ போகாமல், கனல் மேல் மூடியைக் கவிழ்த்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குள் போய், அது தானாகப் போகும்வரை காத்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கொடைக்கானல்.